ஊர்த் தாப்பாவும் வாய்த் தாப்பாவும்

பேராக் மாநிலத்தில் இரண்டு தாப்பா இருக்கின்றன. ஒன்று, ஈப்போவிலிருந்து தெற்கே போனால் வருகிற ஊர். கேமரன் மலைக்கு ஏறுகிறவர்கள் அங்கே நிறுத்தி வயிற்றை நிரப்பிக்கொள்வார்கள். இன்னொன்று எந்த வரைபடத்திலும் இல்லை. அது பெண்களின் வாயில் இருக்கிறது. மலாய்க்காரர்கள் ‘தாக் அப்பா’ என்பார்கள். பரவாயில்லை, விடு, ஒன்றும் ஆகிவிடவில்லை என்று பொருள். நம் வாய்க்கு அத்தனை நீளம் தாங்காது, தாப்பா என்று சுருக்கிக்கொண்டோம். இந்த வருடமும் சம்பள உயர்வு இல்லையா, தாப்பா. நீ செய்த வேலைக்கு அவன் பெயரா, தாப்பா. பேருந்தில் ஒருவன் காலை மிதித்துவிட்டானா, மிதிபட்டவள்தான் முதலில் சொல்வாள், தாப்பா லா. பேச்சின் கூர் மழுங்க இங்கே எல்லாரும் கடைசியில் ஒட்டிக்கொள்கிற அசைதான் அந்த ‘லா’.

இந்த இரண்டாவது தாப்பாவை ஒழிப்பதுதான் புஷ்பலதாவின் தொழில்.

நிறுவனங்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கின்றன. வேலையிடத்தில் பெண்களுக்கான தன்னம்பிக்கைப் பட்டறை. லகாட்டில் இருக்கும் தன் வீட்டிலிருந்து விடியும்போதே பழைய மைவி காரைக் கிளப்பிக்கொண்டு புஷ்பலதா புறப்பட்டுவிடுவார். ஒரு நாள் தைப்பிங், ஒரு நாள் சித்தியவான், ஒரு நாள் தெலுக் இந்தான். எந்த ஊருக்குப் போனாலும் சுவரில் ஒரே பதாகைதான் தொங்கும். கோட்டு போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பாள். அவளுக்குத் தன்னம்பிக்கை நிறையவே இருக்கிறது. அவள் எந்தத் தொழிற்சாலையிலும் வேலை பார்க்கவில்லை, இருக்காதா பின்னே.

நிர்வாகங்களைக் குறை சொல்லக் கூடாது. அவர்களுக்குத் தன்னம்பிக்கை என்றால் கொள்ளைப் பிரியம். சம்பள உயர்வு கொடுத்தால் மாதாமாதம் கொடுக்க வேண்டும். தன்னம்பிக்கை கொடுத்தால் வருடத்துக்கு ஒரு தடவை போதும், கூடவே கறிபாப்பும் தேத்தண்ணியும் கொடுத்துவிடலாம். அதோடு, பெண்ணுக்குப் பதவி கிடைக்கவில்லை என்றால் குறை அவளுடைய தன்னம்பிக்கையில்தான் என்று ஆகிவிடுகிறது. யாரும் யாருக்கும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. எவ்வளவு சுத்தமான ஏற்பாடு.

புஷ்பலதாவுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் போகிறார்.

அவர் பிறந்தது ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். அப்புறம் ஆட்கள் குடியிருந்த லயங்களையும் இடித்துவிட்டு அங்கேயும் செம்பனை நட்டார்கள். குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. புஷ்பலதா ஒரு லாரி கம்பெனியில் கிளார்க் ஆனார். அங்கே முதலாளியின் அண்ணன் மகன் வேலை பழக வந்தான். போட்டோஸ்டேட் இயந்திரத்தில் தாளை எந்தப் பக்கம் கவிழ்க்க வேண்டும் என்பதிலிருந்து எல்லாவற்றையும் புஷ்பலதாதான் சொல்லிக் கொடுத்தார். ஒரு நாள் அவன் அவருக்கே மேனேஜராக வந்து உட்கார்ந்தான். பாவம், அவனுக்கும் கூச்சமாகத்தான் இருந்திருக்கிறது.

“ஓகேவா புஷ்பாக்கா?” என்றான்.

“தாப்பா லா தம்பி.”

சொல்லிவிட்டுக் கார் நிறுத்துமிடத்துக்குப் போய், காரில் ஏறி, கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டுக் கத்தினார். வார்த்தை எதுவும் இல்லை, வெறும் கத்தல். காவலாளி ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

“அக்கா, என்னாச்சு?”

கண்ணாடியை இறக்கிப் புஷ்பலதா சொன்னார். “தாப்பா அண்ணே.”

அந்த வார்த்தை தன் வாயிலிருந்து இரண்டாம் தடவை வந்து விழுந்ததைத் தன் காதாலேயே கேட்டதும் அவருக்கு வந்த ஆத்திரம் அண்ணன் மகன் மேல் இல்லை. தன் நாக்கின் மேல். அன்றே வேலையை விட்டார். அந்த ஆத்திரத்தில்தான் இந்தத் தொழில் முளைத்தது. இன்றுவரை அது தீரவில்லை.

பட்டறைக்கு அவர் கொண்டுபோகும் சாமான்களில் முக்கியமானது ஒரு மைலோ டின். உள்ளே ஒரு கைப்பிடி ரப்பர் கொட்டை. யாராவது தாப்பா என்று சொன்னால் அவர் டின்னைத் தூக்கிக் கடகடவென்று குலுக்குவார். ‘சாரி’ என்று தொடங்கினாலும் கடகட. ரப்பர் கொட்டை என்றதும் யாரும் உருக வேண்டாம். முதலில் கோலிக்குண்டு போட்டுப் பார்த்தார், சத்தம் பத்தவில்லை. அவ்வளவுதான்.

போன வருடம் கமுந்திங் தொழிற்பேட்டையில் ஒரு கையுறைத் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. ரப்பர் கையுறை. பாட்டிமார் பால் வெட்டிய ரப்பரைப் பேத்திமார் பெட்டியில் அடுக்குகிறார்கள். ஆள் மாறியதே தவிர, ரப்பர் நம்மை விட்டபாடில்லை.

அழைத்தவர் அங்கே மனிதவள அதிகாரியாக இருந்த சுபாஜினி. ஈப்போவில் வளர்ந்தவர். தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அழகாக உடுத்துவார், அதைவிட அழகாகப் பேசுவார்.

“மிஸ் புஷ்பா, எங்கட பெண்கள் வாயே திறக்க மாட்டினம். கொஞ்சம் கான்ஃபிடன்ஸ் வரட்டும். ஆனா ரொம்ப வேண்டாம், என்ன?” என்று சிரித்தார்.

பொட்டலம் கட்டும் பிரிவுப் பெண்கள் கேண்டீன் மாடியில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். புஷ்பலதா ஒவ்வொருவரையும் பெயர் சொல்லச் சொன்னார். சிவப்புத் துண்டால் தலையைக் கட்டியிருந்த ஒருவர் எழுந்தார்.

“வீரம்மா. பேர்ல மட்டும்தான் டீச்சர் வீரம்.”

எல்லாரும் சிரித்தார்கள்.

“இங்க என்ன கஷ்டம்னு சொல்லுங்க.”

“கஷ்டம்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர். தண்டாஸ் கார்டு ஒண்ணுதான் இருக்கு. தாப்பா லா, பழகிருச்சு.”

கடகட.

சத்தம் அடங்கியதும் விஷயம் வெளியே வந்தது. தண்டாஸ் என்றால் கழிவறை. அங்கே போவதற்கு வரிசைக்கு ஒரே ஒரு சிவப்பு அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். போனவர் திரும்பி வந்து அட்டையைக் கழற்றும்வரை அந்த வரிசையில் யாருக்கும் சிறுநீர் வரக் கூடாது என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. சூப்பர்வைசர் அட்டையைத் தன் மேசைக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டிருந்தார். பெண்கள் அவருக்குத் ‘தண்டல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். தோட்டத்தில் ஆட்களை மேய்த்தவருக்கு இருந்த பெயர் அது.

“அதுக்குத்தான் நாங்க தண்ணியே குடிக்கிறதில்ல டீச்சர். எங்க டெக்னிக்கு,” என்றார் ஒருவர்.

“அப்பறம் எரிச்சல் வந்து கிளினிக்குக்குப் போனா, டாக்டர் தண்ணி நெறையக் குடிங்கங்கிறாரு,” என்றார் இன்னொருவர். மறுபடியும் சிரிப்பு.

புஷ்பலதா சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, போனை எடுத்து அதையே பார்த்தார்.

“நான்தான் மேனேஜர். வீரம்மா, வந்து சொல்லுங்க.”

“சாரி பாஸ், டிஸ்டர்ப் பண்றதுக்கு…”

கடகட. “சாரி எதுக்கு? ஒண்ணுக்கு வந்ததுக்கா?”

“பாஸ், கார்டு கொஞ்சம் கூடுதலா குடுத்தா நல்லாருக்கும் லா…”

கடகட. “லா வேணாம்.”

“லா இல்லாமப் பேசுனா துணி இல்லாம நிக்கிற மாதிரி இருக்கு டீச்சர்.”

“அப்படியே நில்லுங்க. அவங்க கண்ண மூடிக்கட்டும்.”

பலமுறை குலுக்கியபின் வாக்கியம் எலும்புபோல வந்தது. ஒரு கார்டு பத்தாது. அவசரம் வந்தா போகணும். கார்டே வேணாம். வீரம்மா அதை மலாயிலும் சொல்லிப் பார்த்தார். சொல்லி முடித்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார், ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டவர்போல.

சாயங்காலம் சான்றிதழ் கொடுக்க மேலாளர் வந்தார். அவர் பெயர் தான். தமிழில் எழுதினால் இதுதான் வம்பு, ‘மேலாளர் தான்’ என்றால் மேலாளரேதான் என்று ஆகிவிடுகிறது. எப்படி எழுதினாலும் பொருந்துகிறது. மிஸ்டர் தான் மேடையேறி, தொழிற்சாலை ஒரு குடும்பம் என்றார். பெண்கள் குடும்பத்தின் தூண் என்றார். கூச்சப்பட வேண்டாம், ஏதாவது சொல்ல இருந்தால் சொல்லுங்கள் என்றார். சொல்ல மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் எல்லா மேலாளர்களும் அப்படிக் கேட்பது வழக்கம்.

வீரம்மா எழுந்தார். சொன்னார். சாரி இல்லை, லா இல்லை.

பெண்கள் கை தட்டினார்கள். மிஸ்டர் தானும் தட்டினார், கொஞ்சம் தாமதமாக. தோளோடு தோளாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் வேனுக்குக் கிளம்பும் நேரத்தில் வீரம்மாவை மட்டும் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். பட்டறை நடத்தியவர் என்ற மரியாதையில் புஷ்பலதாவையும்.

குளிரூட்டிய அறை. மேசைக்குப் பின்னால் மிஸ்டர் தான், பக்கத்தில் சுபாஜினி. மிஸ்டர் தான் மலாயில் தேனாகப் பேசினார். எவ்வளவு தைரியம், எவ்வளவு தெளிவு. இப்படி ஒருவரைத்தானே நிறுவனம் தேடிக்கொண்டிருக்கிறது. தெற்கே எங்களுக்கு இன்னொரு கிளை இருக்கிறதே, அங்கே உங்களைப் போல ஒரு லீடர் வேண்டும். அடுத்த மாதத்திலிருந்து தாப்பா. போலே?

முடியுமா என்று கேட்கிறார். கமுந்திங்கிலிருந்து தாப்பாவுக்குப் போவதென்றால் ஈப்போவைத் தாண்டி, இன்னும் அதே அளவுக்குப் போக வேண்டும். கம்பெனி வேன் அந்தப் பக்கம் போகாது. வீரம்மாவின் கணவர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். இரண்டு பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில், சின்னது இப்போதுதான் முதலாம் ஆண்டு. அவரால் போக முடியாது என்பது அந்த மேசையைச் சுற்றியிருந்த எல்லாருக்கும் தெரியும். போகாவிட்டால் அவராகவே வேலையை விட்டதாக ஆகிவிடும். யாரும் யாரையும் நீக்கியதாக ஆகாது. பதவி உயர்வு கொடுத்து ஆளைத் துரத்தும் கலைக்கு இன்னும் யாரும் பட்டறை நடத்தவில்லை, தேவையும் இல்லை. பிறவியிலேயே வருகிறது.

 வீரம்மா அதிர்ச்சியில் அந்த ஊரின் பெயரைத்தான் திருப்பிக் கேட்டார்.

“தாப்பா?”

மலாயில் அந்த ஊருக்கு ‘ஹ்’ என்று ஒரு வால் உண்டு. தமிழ் வாய்க்கு அந்த வால் வராது. மிஸ்டர் தானின் காதில் விழுந்தது ஊர் இல்லை, தாக் அப்பா. பரவாயில்லை, போகிறேன். விழுந்ததா, விழவைத்துக்கொண்டாரா என்பது அவருக்கும் அவருடைய தெய்வத்துக்கும் தெரியும்.

“ஹா, தாக் அப்பா. குட், குட்.” எழுந்து கை கொடுத்தார்.

சுபாஜினி தமிழ்ப் பெண். அவருக்குத் தெரியாமல் இருக்குமா. அவர் தன் பேனாவின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஸ்டர் தான் புஷ்பலதாவைப் பார்த்தார். “சிக்கு, ஓகே?” டீச்சரை அப்படித்தான் அழைப்பார்கள்.

புஷ்பலதாவின் வாய் திறந்தது. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பெண்களின் வாயிலிருந்து பிடுங்கி எறிந்தது, பழைய காருக்குள் கத்தித் தீர்த்தது, எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்து வெளியே விழுந்தது.

“தாப்பா லா.”

டின் அவர் பைக்குள் இருந்தது. சத்தம் போடவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் வீரம்மா அழுவார் என்று புஷ்பலதா எதிர்பார்த்தார். அவர் அழவில்லை. எதிரில் நின்று நிதானமாகச் சொன்னார்.

“டீச்சர், நான் தாப்பானு சொன்னேன். தாப்பானு சொல்லல.”

“தெரியும்.”

“ஊர் தாப்பா. தாப்பா தாப்பா இல்ல.”

“தெரியும்லா வீரம்மா.”

“தெரிஞ்சுதான் நீங்களும் சொன்னீங்களா?”

 வீரம்மா புஷ்பலதாவின் தோளில் தொங்கிய பைக்குள் கைவிட்டு மைலோ டின்னை எடுத்தார். அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார். குலுக்கினார். விடாமல் குலுக்கினார். வேனில் இருந்த பெண்கள் எல்லாம் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள்.

“காலையில இருந்து எங்களுக்கு ஆட்டுனீங்கள்ல. இது ஒங்களுக்கு.”

கோபத்தில் முகம் சிவப்பது எல்லாருக்கும் உண்டு. புஷ்பலதாவுக்குக் காது சிவக்கும். இரண்டு காதும் சிவந்துவிட்டன. மிஸ்டர் தான் மேல் கொஞ்சம், சுபாஜினி மேல் கொஞ்சம், மிச்சமெல்லாம் பழையபடி தன் நாக்கின் மேல்.

“வாங்க,” என்றார். “டின்ன நீங்களே வெச்சுக்குங்க.”

ஆபீசில் மிஸ்டர் தான் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், சுபாஜினியும் கூட இருந்தார். புஷ்பலதா உட்காரவில்லை. மலாயில் சொன்னார். இவங்க சொன்னது ஊரோட பேர். சம்மதம் இல்ல. இவங்க தாப்பாவுக்குப் போக மாட்டாங்க. நான் ஓகேன்னு சொன்னதும் தப்பு, எனக்கும் ஓகே இல்ல.

மிஸ்டர் தான் வாய்விட்டுச் சிரித்தார். தாப்பா, தாக் அப்பா, எல்லாம் சேம் சேம் லா. எல்லாருக்கும் கேட்டது. வார்த்தை கொடுத்தாச்சு. பிறகு தனக்குப் பாதுகாப்பு என்று நினைத்து, பக்கத்தில் திரும்பினார்.

“சுபா, நீ தமிழ்தானே. அவ என்ன சொன்னா?”

அடுத்த மாதப் பட்டறைகள், அதற்கடுத்த பட்டறைகள், தாப்பா கிளை, ஈப்போ அலுவலகம், எல்லாவற்றுக்கும் புஷ்பலதாவை எழுதி வைத்திருந்தவர் சுபாஜினி. சுபாஜினியை அந்த நாற்காலியில் வைத்திருந்தவர் மிஸ்டர் தான். யார் யாரைக் கையில் வைத்திருக்கிறார் என்று மூன்று பெண்களுக்கும் தெரிந்திருந்தது. சுபாஜினி பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

வீரம்மாவின் கையிலிருந்த டின்னுக்குள் ஒரே ஒரு கொட்டை நகர்ந்தது. கட் என்று ஒரு சத்தம். வேண்டுமென்று செய்தாரா, தானாக உருண்டதா, சொல்ல முடியாது.

சுபாஜினி ஆங்கிலத்தில் பேசினார். “ஊர் பெயரைக் கேள்வியாகக் கேட்டார். சம்மதிக்கவில்லை. எனக்கு அப்போதே தெரியும்.”

கடைசி வாக்கியத்தை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

மிஸ்டர் தான் எடுத்த கார் சாவியை மேசைமேல் வைத்தார். பிறகு மிஸ்அண்டர்ஸ்டேண்டிங் என்றார். அருமையான வார்த்தை, அவர்கள் செய்கிற கையுறை மாதிரி எந்தக் கைக்கும் பொருந்தும். சரி, இங்கேயே இருக்கட்டும், தாப்பாவுக்கு வேறு ஆள் பார்க்கிறேன் என்றார். எல்லாம் முடிந்தது என்று காட்ட இரண்டு கையையும் விரித்து, “ஸோ, தாக் அப்பா?” என்றார்.

யாரும் தாப்பா என்று சொல்லவில்லை. வீரம்மா டின்னைக் குலுக்கினார்.

இந்தப் போராட்டத்தின் விளைவைச் சொல்லாமல் விட்டால் நிர்வாகத்துக்கு அநியாயம் செய்ததாக ஆகிவிடும். சிவப்பு அட்டையை அவர்கள் எடுக்கவில்லை. வரிசைக்கு இரண்டாக்கினார்கள். இனி ஒரே நேரத்தில் இரண்டு பெண்களுக்குச் சிறுநீர் வரலாம் என்று மேலிடம் இரக்கப்பட்டது. கம்பெனி இதழில் ‘பெண்களின் குரலுக்குச் செவிசாய்த்தோம்’ என்று அரைப்பக்கம் போட்டார்கள். மேலே அன்று எடுத்த படம். அதில் மிஸ்டர் தான் சிரிக்கிறார், பின்னால் பதாகையில் வெள்ளைக்காரப் பெண் சிரிக்கிறாள். வீரம்மாவின் தோள் மட்டும் ஓரத்தில் தெரிகிறது.

வீரம்மா அதே வரிசையில்தான் இருக்கிறார். தண்டல் முறைக்கிறார், ஆனால் அட்டையை நீட்டுகிறார். வீரம்மா இப்போது வேலைக்கு ஒரு பெரிய தண்ணீர் போத்தல் கொண்டுபோகிறார். அதை மேசைமேல் எல்லாரும் பார்க்கும்படி வைத்துக் குடிக்கிறார். டின் அவரிடமே இருக்கிறது. புஷ்பலதா வேறொன்று செய்துகொண்டார்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் புஷ்பலதா தெலுக் இந்தானுக்குப் போய்க்கொண்டிருந்தார். தாப்பாவுக்குப் பிரியும் பலகை கண்ணில் படும் இடத்தில் போன் அடித்தது. ஓரமாக நிறுத்தினார். சுபாஜினி.

“மிஸ் புஷ்பா, எப்பிடிச் சொல்றதெண்டு தெரியேல்ல. இந்த முறை வேற ஆளப் போடச் சொல்லிட்டினம். கோலாலம்பூரில இருந்து ஒரு மோட்டிவேட்டர். காதில மைக் மாட்டிக்கொண்டு பேசுவார். நேர்மறை எண்ணம் எண்டு தலைப்பு.”

“ஆம்பளையா?”

“ஓம்.”

புஷ்பலதா காரின் கண்ணாடிகளைப் பார்த்தார். எல்லாம் இறக்கித்தான் இருந்தன.

“எனக்குச் சங்கடமாத்தான் இருக்கு,” என்றார் சுபாஜினி. “உங்களுக்கு ஓகேதானே?”

“ஓகே இல்ல மேடம்.”

அந்தப் பக்கம் ஒரு ‘லா’வுக்காகக் காத்திருந்தது. புஷ்பலதாவும் போனைக் காதோடு வைத்தபடி காத்திருந்தார், கொடுக்கவில்லை.